ஆயிரம் லிட்டர் மாடித் தொட்டி: டேப்பால் அளந்து எழுதிய மதிப்புரை

மொட்டை மாடியில் வைக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்கு நம் ஊர்க் கடைகளில் லிட்டர் கணக்கில்தான் விலை பேசுகிறார்கள். லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று சொல்லி, தொட்டியின் வயிற்றில் பொறித்திருக்கும் எண்ணால் பெருக்கி, வரும் தொகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு பில் போடுகிறார்கள். ஆகவே அந்த எண்தான் நாம் பணம் கொடுத்து வாங்கும் சரக்கின் அளவு. அரைக் கிலோ பருப்பு வாங்கும்போது தராசைக் கூர்ந்து பார்க்கும் நாம், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் தொட்டியைச் சுற்றி ஒரு டேப்பைக்கூடப் பிடித்துப் பார்ப்பதில்லை. பள்ளியில் படித்த உருளைக் கணக்கும் கூம்புக் கணக்கும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், அவற்றைத் தேர்வுத் தாளோடு விட்டுவிட்டோம். இந்த மதிப்புரையை எழுத முக்கியமான காரணம் அதுதான்.

மதிப்புரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், 7,800 ரூபாய்க்கு வாங்கிய மூன்றடுக்குத் தொட்டி. அச்சுக்குள் பாலிஎத்திலீன் தூளைப் போட்டு, சூடாக்கிச் சுழற்றி வார்க்கும் முறையில் செய்தது. இவ்வகைத் தொட்டிகளுக்கு உரிய ஐ.எஸ். 12701 எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதில் இருக்கின்றன. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. கீழே சொல்லப்போகும் நிறையும் குறையும் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதாலும், படிப்பவர் தம் வீட்டுத் தொட்டியிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புவதாலும் பெயர் தேவைப்படவில்லை.

தொட்டியோடு கொடுத்த விளக்கத் தாளில் மூன்றே அளவுகள் இருந்தன: விட்டம் 1098 மில்லிமீட்டர், மூடி நீங்கலாக உயரம் 1215 மில்லிமீட்டர், கொள்ளளவு 1000 லிட்டர். கடையில் இருந்தவர் கைப்பேசியில் இந்த விட்டத்தையும் உயரத்தையும் இட்டு, உருளையின் கன அளவு கண்டு, 1150 லிட்டர் வருகிறது என்றும், நிறுவனம் 150 லிட்டரைக் கூடுதலாகவே கொடுக்கிறது என்றும் உறுதியாகச் சொன்னார். பெருக்கலில் பிழை இல்லை, 1.098 மீட்டர் விட்டமும் 1.215 மீட்டர் உயரமும் உள்ள உருளைக்கு 1.15 கன மீட்டர்தான் வரும். ஆனால் தொட்டி முழுவதும் உருளை அல்ல. அடியிலிருந்து முக்கால் உயரத்துக்கும் சற்று மேல் வரை நேராக எழுந்து, பிறகு தோள்போல் உள்வாங்கி, கைவிட்டுக் கழுவும் வாயில் போய் முடிகிறது. கொடுத்திருக்கும் விட்டமும் வெளிவிட்டம். தண்ணீர் நிற்பது சுவருக்கு உள்ளே. வெளியளவுகளை மட்டும் அச்சிட்டு, அவை எந்த இடத்தில் எடுத்தவை என்று சொல்லாமல் விட்டதை இந்தத் தாளின் முதற்குறையாகக் கருதுகிறேன். லாரியில் ஏற்றவும் மாடிப்படியில் திருப்பவும் வெளியளவு போதும். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதை அது சொல்லாது.

கணக்குக்குள் போவதற்கு முன் அலகுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் சறுக்கும் இடம் வாய்பாடு அன்று, அலகு மாற்றம். பத்து மில்லிமீட்டர் ஒரு சென்டிமீட்டர் என்பது எல்லோருக்கும் தெரியும்; ஆனால் ஆயிரம் கன மில்லிமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு கன சென்டிமீட்டர் என்பது கணக்குப் போடும் நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. நீளத்தில் பத்து மடங்கு என்றால், நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அந்தப் பத்து பெருகி ஆயிரமாகிறது. நீளத்தில் நூறு மடங்கான மீட்டருக்கு வந்தால், ஒரு கன மீட்டருக்குள் பத்து லட்சம் கன சென்டிமீட்டர் அடங்குகின்றன. விளக்கத் தாளில் உள்ளபடி மில்லிமீட்டரிலேயே பெருக்கினால் நூறு கோடியைத் தாண்டிய எண் வருகிறது. அதை லிட்டராக்கப் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். ஒரு சுழியைக் கூட்டியோ குறைத்தோ போட்டால் தொட்டி குளமாகிவிடும், அல்லது குடமாகிவிடும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பள்ளியில் அட்டவணைக்காக மட்டும் படித்து மறந்த டெசிமீட்டரை மீண்டும் எடுத்துக்கொள்வதே அது. பத்து சென்டிமீட்டர் ஒரு டெசிமீட்டர். பக்கத்துக்கு ஒரு டெசிமீட்டர் உள்ள பெட்டியின் கன அளவுதான் ஒரு லிட்டர். ஆகவே எல்லா நீளங்களையும் முதலிலேயே டெசிமீட்டருக்கு மாற்றிவிட்டால், பெருக்கி வரும் விடை நேராக லிட்டரில் வந்து நிற்கும், பிறகு எதையும் வகுக்க வேண்டியதில்லை. 97 சென்டிமீட்டர் என்பதை 9.7 என்று எழுதிக்கொள்வது மட்டுமே வேலை. வீட்டுப் பாத்திரம் முதல் கிணற்று உறை வரை எதை அளந்தாலும் இந்த வழியைத்தான் பரிந்துரைப்பேன்.

இனித் தொட்டியை அளந்த விதத்துக்கு வருகிறேன். உருண்டையான பொருளின் விட்டத்தை நேராக அளப்பது கடினம், நடுப்புள்ளியைக் கண்ணால் பிடிக்க முடியாது. தையல் டேப்பையோ நூலையோ சுற்றிச் சுற்றளவை எடுத்து, பையால், அதாவது 3.1416ஆல் வகுப்பதே நம்பத்தக்கது. தொட்டிச் சுவரில் வலுவுக்காகப் புடைத்த வளையங்கள் இருக்கின்றன. அவற்றின் மீது டேப்பை வைக்காமல், இரண்டு வளையங்களுக்கு இடைப்பட்ட சமதளத்தில் வைத்து, டேப் எந்தப் பக்கமும் சாயாமல் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு படித்ததில் சுற்றளவு 345 சென்டிமீட்டர். வெளிவிட்டம் 109.8 சென்டிமீட்டர் ஆகிறது; விளக்கத் தாளோடு பொருந்துகிறது.

சுவரின் தடிமன் தெரிந்தால்தான் உள்விட்டம் கிடைக்கும். இதற்குப் பிளம்பர் உதவினார், தம்மை அறியாமலே. வழிந்தோடும் குழாய்க்காக அவர் வட்டமாகத் துளையிட்டபோது வெட்டுப்பட்டு விழுந்த வில்லையை எடுத்து வைத்துக்கொண்டேன். அதன் விளிம்பில் மூன்று அடுக்குகளும் தெளிவாகத் தெரிந்தன: வெளியே வெள்ளை, நடுவே வெயிலின் ஒளி உட்புகாமல் தடுக்கும் கருப்பு, உள்ளே மறுபடியும் வெள்ளை. வெர்னியர் காலிப்பரில் வைத்து அளந்ததில் மொத்தம் 5 மில்லிமீட்டர் வந்தது. இரண்டு பக்கச் சுவர்களையும் கழித்தால் உள்விட்டம் 108.8 சென்டிமீட்டர், ஆரம் 54.4 சென்டிமீட்டர். அரை சென்டிமீட்டர் சுவர்தானே என்று விட்டுவிடக் கூடாது. வெளி ஆரத்தைக் கொண்டு கணக்கிட்டால் நேர்ப்பகுதி மட்டும் 918 லிட்டர் வருகிறது. உள் ஆரத்தைக் கொண்டு கணக்கிட்டால் 902 லிட்டர். ஒரு குடத்துக்கும் மேலான தண்ணீரின் இடத்தைச் சுவர் எடுத்துக்கொள்கிறது.

நேர்ப்பகுதியின் உள் உயரம் 97 சென்டிமீட்டர். டெசிமீட்டரில் சொன்னால் ஆரம் 5.44, உயரம் 9.7. ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, பையாலும் உயரத்தாலும் பெருக்கினால் 901.8 லிட்டர். அதற்கு மேல் 17 சென்டிமீட்டர் உயரத்தில் உள்வாங்கிச் செல்லும் தோள் இருக்கிறதே, அது பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வரும் கூம்பின் இடைக்கண்டம். அதன் கீழ் ஆரம் 5.44, மேல் ஆரம் 2.3. கீழ் ஆரத்தின் வர்க்கம், மேல் ஆரத்தின் வர்க்கம், இரண்டு ஆரங்களின் பெருக்கற்பலன் ஆகிய மூன்றையும் கூட்டி, உயரமான 1.7ஆலும் பையாலும் பெருக்கி, மூன்றால் வகுத்தால் 84.4 லிட்டர். இரண்டு ஆரங்களின் சராசரியை எடுத்து உருளையாகப் பாவித்துக் குறுக்கு வழியில் போட்டால் ஏறக்குறைய 80 லிட்டர்தான் வரும்; அந்த வழி எப்போதும் குறைத்தே காட்டும். கடைசியாக வாய்ப்பகுதி, 7 சென்டிமீட்டர் உயரம், 11.6 லிட்டர். மூன்றையும் கூட்டினால் 998 லிட்டர்.

இந்த விடை எனக்கு உண்மையான நிறைவைத் தந்தது. ஆயிரம் என்று பொறித்த நிறுவனம் ஆயிரத்தையே கொடுத்திருக்கிறது. இரண்டு லிட்டர் வேறுபாட்டை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் என் டேப்பின் துல்லியம் அவ்வளவு இல்லை. சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் நேர்ப்பகுதியில் 5 லிட்டர் மாறும். உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் 9 லிட்டருக்கு மேல் மாறும். சுவரில் புடைத்த வளையங்களின் உட்குழிவில் நிற்கும் தண்ணீரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. லிட்டர் என்ற அலகே ஒரு காலத்தில் இப்படி நூலிழை பிசகி நின்றது. 1901ஆம் ஆண்டு ஒரு கிலோகிராம் தண்ணீர், அது மிக அடர்த்தியாக இருக்கும் வெப்பநிலையில், பிடிக்கும் இடமே லிட்டர் என்று வரையறுத்தார்கள். அது ஒரு கன டெசிமீட்டரைவிடப் பத்து லட்சத்தில் 28 பங்கு கூடுதலாக இருந்ததால், 1964ஆம் ஆண்டு அந்த வரையறையைக் கைவிட்டு, ஒரு லிட்டர் என்பது சரியாக ஒரு கன டெசிமீட்டர் என்று நிலைநிறுத்தினார்கள். இந்தத் தொட்டி அளவுக்கு அந்த வேறுபாடு 28 மில்லிலிட்டர், இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவு.

ஆனால் ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தொட்டியிலிருந்து ஆயிரம் லிட்டர் எடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி, வாங்குபவருக்கு உண்மையில் வேண்டிய கேள்வியும் அதுதான். தொட்டியின் வாய் விளிம்புவரை யாரும் தண்ணீர் நிரப்புவதில்லை. வழிந்தோடும் குழாயை நேர்ப்பகுதியில்தான் பொருத்த முடியும், சாய்வான தோளில் இணைப்பு ஒழுகும். பிளம்பர் இட்ட துளையின் கீழ் விளிம்பு, உள்தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் நிற்கிறது. அதற்கு மேலே உள்ள 7 சென்டிமீட்டர் நேர்ப்பகுதியில் 65 லிட்டர், தோளிலும் வாயிலும் சேர்த்து 96 லிட்டர், ஆக 161 லிட்டர் இடம் எப்போதும் காற்றுக்குத்தான். கீழேயும் இப்படித்தான். வீட்டுக்குத் தண்ணீர் இறங்கும் குழாயின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 5.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே நிற்கும் 51 லிட்டர், மூன்று குடத்துக்கும் மேல், எந்தக் குழாயைத் திறந்தாலும் வராது. மண்ணும் துருவும் அடியில் படிய அந்த இடைவெளி வேண்டியதுதான், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டையும் கழித்தால், 5.5 சென்டிமீட்டருக்கும் 90 சென்டிமீட்டருக்கும் இடையில் இருக்கும் 84.5 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர்தான் நம் கைக்கு வருவது. அது 785 லிட்டர். பொறித்த எண்ணில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது, யாரும் பொய் சொல்லாமலே. நான் கொடுத்த 7,800 ரூபாயை ஆயிரத்தால் வகுத்தால் லிட்டருக்கு 7 ரூபாய் 80 காசு. 785ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 ரூபாய் 94 காசு. இரண்டு நிறுவனங்களின் தொட்டிகளை ஒப்பிடுபவர் இந்த இரண்டாவது கணக்கைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். உயரம் குறைந்து அகலம் கூடிய தொட்டியானால் இழப்பு இன்னும் மிகும். உள்விட்டம் 130 சென்டிமீட்டர் உள்ள ஒரு தொட்டியில் இதே உயரத்தில் குழாய் இருந்தால், அடியில் 73 லிட்டர் தங்கிவிடும். இடவசதிக்காகக் குட்டைத் தொட்டியைத் தேடுபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கழிவுநீர் இணைப்புள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு கணக்கிடுகிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். ஆயிரத்தை வைத்துக் கணக்கிட்டால் இரண்டு நாளைக்குச் சிறிது குறைவாக வருகிறது; 785ஐ வைத்துக் கணக்கிட்டால் ஒன்றரை நாளைக்கே எட்டவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருவில் இந்த வேறுபாடு சிறியது அன்று. அத்தகைய வீட்டுக்கு இந்தத் தொட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த அளவான 1500 லிட்டர்த் தொட்டியை வாங்குவதே சரி. நாள்தோறும் மோட்டார் போட வசதி உள்ளவர்களுக்கு இது தாராளமாகப் போதும்.

டேப்பும் கணக்கும் மட்டும் போதுமா, தண்ணீரைக் கொண்டே சோதித்தால் என்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அதையும் செய்து பார்த்தேன். முதலில் அளவுகோலைச் சோதிக்க வேண்டும். குடிதண்ணீர் வரும் 20 லிட்டர் கேனை வெறுமையாகவும் நிரப்பியும், முத்திரையிட்ட மின்னணுத் தராசில் நிறுத்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது பொதுவழக்கு. நம் ஊர் வெயிலில் 30 டிகிரி செல்சியசில் இருக்கும் தண்ணீர் லிட்டருக்கு 996 கிராம்தான் இருக்கும். எனவே 20 லிட்டர் சரியாக இருந்தால் 19.9 கிலோ காட்ட வேண்டும், காட்டியது. பிறகு மாடியில், மோட்டார் தண்ணீர் விழும் குழாயின் முனையில் அந்தக் கேனைப் பிடித்தோம். நிரம்ப 24 வினாடி ஆயிற்று. நிமிடத்துக்கு 50 லிட்டர், மணிக்கு 3000 லிட்டர், அதாவது 3 கன மீட்டர். தொட்டியில் அடித்தண்ணீர் மட்டும் இருக்கும் நிலையிலிருந்து வழிந்தோடும் குழாயில் முதல் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை, கணக்குப்படி பதினைந்தே முக்கால் நிமிடம் ஆக வேண்டும். 16 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. மோட்டார் ஓட ஓடக் கீழே சம்ப்பின் நீர்மட்டம் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் இறங்கி, தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம் அந்த அளவு கூடுகிறது என்பதால், கடைசி நிமிடங்களில் வரத்து சற்றே தளர்வது இயல்பு. இரண்டு வழிகளும் இவ்வளவு நெருங்கி வந்தபின் 785 என்ற எண்ணை நான் தயங்காமல் எழுதுகிறேன்.

சம்ப் என்றதும் இன்னொரு அலகு மாற்றத்தைச் சொல்லாமல் விட முடியாது. மேலே இருக்கும் தொட்டியை லிட்டரில் வாங்குகிறோம். கீழே இருக்கும் சம்ப்பைக் கொத்தனார் அடியில் கட்டுகிறார். எங்கள் சம்ப்பின் உள்ளளவு 6 அடி நீளம், 5 அடி அகலம், 5 அடி ஆழம், ஆக 150 கன அடி. ஓர் அடி 30.48 சென்டிமீட்டர், ஒரு கன அடி 28.317 லிட்டர்; சம்ப் முழுவதும் 4,248 லிட்டர். பேச்சுக்கு ஓர் அடி என்பது 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. துணி அளக்க அது பரவாயில்லை. கன அளவில் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தால் ஒரு கன அடிக்கு 27 லிட்டர்தான் வரும், சம்ப்பில் ஏறக்குறைய 200 லிட்டர் காணாமல் போகும். நீளத்தில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருந்த பிழை, மூன்று பக்கமும் பெருகியதில் நான்கரைப் பங்கைத் தாண்டிவிடுகிறது. லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளுக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. இந்த அளவுள்ள சம்ப்பில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர 27.87 லிட்டர் வேண்டும். 3000 லிட்டர் லாரி வந்து போனால், குச்சியில் 107 சென்டிமீட்டருக்குக் குறையாத ஏற்றம் தெரிய வேண்டும்.

கொள்ளளவுக் கணக்கைப் போட்டவுடன் எடைக் கணக்கும் தானே வந்துவிடுகிறது; இதைத்தான் விளக்கத் தாள் முற்றிலும் மறந்திருக்கிறது. மெட்ரிக் அலகுகளின் அழகு இங்கே தெரியும். ஒரு கன மீட்டர் தண்ணீர், நடைமுறைக்கு, ஒரு டன். எனவே தண்ணீரின் ஆழத்தை மீட்டரில் எடுத்து ஆயிரத்தால் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் தளத்தின்மேல் எத்தனை கிலோ அமர்கிறது என்பது கிடைத்துவிடும். தொட்டியின் விட்டம்கூடத் தேவையில்லை. 90 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 900 கிலோ. ஆட்கள் ஏறி நடமாடும் சமதள மாடிக்கு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி எடுத்துக்கொள்ளச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. தொட்டி அமரும் இடத்தில் ஆறு மடங்கு சுமை. ஆகவே மாடியின் நடுவில், கீழே தாங்கல் இல்லாத இடத்தில், செங்கல்லை அடுக்கி அதன்மேல் தொட்டியை வைப்பது ஆபத்தானது. சுவர்களும் பீம்களும் சந்திக்கும் மூலையில், சுமை அவற்றின் மேல் இறங்கும்படி மேடை அமைக்க வேண்டும். மேடையின் மேற்பரப்பு தொட்டியின் அடி முழுவதையும் தாங்க வேண்டும். இந்த வேலைக்குக் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்பதற்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கலாகாது.

கழுவிய பிறகு பிளீச்சிங் பவுடர் போடுபவர்களுக்கும் உண்மையான லிட்டர் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கன மீட்டரில் ஒரு கிராம் என்பதும், ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் என்பதும் ஒன்றே. மூன்றில் ஒரு பங்கு குளோரின் உள்ள பவுடரானால், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் சேர்க்க, கன மீட்டருக்கு 3 கிராம் பவுடர் வேண்டும். வழிந்தோடும் மட்டம்வரை நிரம்பிய இந்தத் தொட்டியில் இருப்பது, அடித்தண்ணீரையும் சேர்த்து, 837 லிட்டர். ஆகவே இரண்டரை கிராம் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுவரின் தடிமன் நன்று. கையால் அழுத்தினால் நெளிவதில்லை. உட்புறம் வழுவழுப்பாக இருப்பதால் கழுவ எளிது. 46 சென்டிமீட்டர் வாய், ஒருவர் தோள்வரை கையை விட்டுத் துடைக்கப் போதுமானது. மூடியின் திருகு மட்டும் மெல்லியது, காற்று பலமாக அடிக்கும் ஆடி மாதத்தில் அதைக் கம்பியால் கட்டிவைப்பது பாதுகாப்பு. இறங்கு குழாயின் இடத்தை இரண்டு சென்டிமீட்டர் தாழ்த்தியிருந்தால் இன்னும் 18 லிட்டருக்கு மேல் கைக்கு வந்திருக்கும். வண்டல் படியவும் இடம் மிஞ்சியிருக்கும்.

தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க ஒரு பி.வி.சி. குழாயில் கோடுகள் இட்டு வைத்திருக்கிறேன். இந்தத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது 9.3 லிட்டர், நூறு லிட்டர் என்பது 10.76 சென்டிமீட்டர். சுழியைக் குழாயின் அடிமுனையில் வைக்காமல் 5.5 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தேன், கைக்கு வரும் தண்ணீர் அங்கேதான் தொடங்குகிறது. நூறு லிட்டர்க் கோடு 16.3 சென்டிமீட்டரில், எழுநூறு லிட்டர்க் கோடு 80.8 சென்டிமீட்டரில். ஒவ்வொரு கோட்டையும் முந்தைய கோட்டிலிருந்து 10.8 என்று தோராயமாக நகர்த்தாமல், குழாயின் அடிமுனையிலிருந்தே அளந்து போட வேண்டும். இல்லாவிட்டால் எழுநூறாவது லிட்டரை அடையும்போது மூன்று லிட்டர் பிசகிவிடும். அச்சில் சுழற்றி வார்க்கும் தொட்டிக்கு வெளிச்சுவர் மட்டுமே அச்சைத் தொடுகிறது, அதனால் உட்சுவரில் இக்கோடுகளைப் பொறிக்க நிறுவனத்தால் இயலாது என்பது புரிகிறது. ஆனால் ஒரே அச்சில் வார்க்கும் எல்லாத் தொட்டிகளுக்கும் வடிவம் ஒன்றே. ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை அச்சடித்து ஒவ்வொரு தொட்டியோடும் கொடுத்துவிட முடியும். விளக்கத் தாளிலும் வெளியளவுக்குப் பக்கத்தில் உள்விட்டம், நேர்ப்பகுதியின் உயரம், இறங்கு குழாயின் உயரம், சென்டிமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற நான்கு எண்களைச் சேர்க்க ஒரு வரி இடம் போதும். அடுத்த முறை தொட்டி வாங்கும்போது, அந்த வரி இருக்கும் தாளைக் கொடுக்கும் நிறுவனத்தின் தொட்டியைத்தான், லிட்டருக்கு ஐம்பது காசு கூடுதலானாலும், எடுப்பேன்.